தளம் சூடு பிடித்தால்தான் பீட்சா: வியாசர்பாடியில் ஒரு மண் அடுப்பு

வியாசர்பாடியில் ஒரு மன்றத்தின் பின்பக்கம் 15 அடிக்கு 18 அடி காலி இடம். அங்கே கட்டிய மண் அடுப்பில் ஒரே சாயங்காலத்தில் 60 பீட்சா சுட்டு, சுமார் 70 பேருக்குக் கொடுக்க முடிந்தது. இது இரண்டாவது அடுப்பு. முதல் அடுப்பில் கூடு (மேலே கவிந்து நிற்கும் மண் சுவர்) 400 டிகிரியைத் தாண்டும், தளமோ (பீட்சாவை வைத்துச் சுடும் அடிப்பகுதி) 240க்கு மேல் ஏறாது. நாலு பீட்சா ஒழுங்காக வரும். ஐந்தாவது மேலே கருகி, அடியில் வெளுத்து, நடுவில் மாவாகவே இருக்கும். (சூடு எல்லாம் செல்சியஸ் கணக்கு.)

மண் அடுப்பு என்றால் எல்லோர் கண்ணும் வட்டமான கூட்டின் மேல்தான் போகும். கூடு ஓரளவு கோணலாக இருந்தாலும் வேலை செய்யும். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீட்சா என்பதை முடிவு செய்வது தளம். விறகு, மாவு உருண்டையின் எடை, சாஸின் தண்ணீர், ஆட்கள் நிற்கும் வரிசை எல்லாமே கடைசியில் தளத்தின் சூட்டைக் காப்பாற்றவே.

முதல் அடுப்பில் மேடைக்குள் ராபிஷ் (கட்டட இடிபாடு), அதன் மேல் 3 அங்குலக் கான்கிரீட், அதன் மேல் சேம்பர் செங்கல் என்று அடுக்கியிருந்தது. இந்த மூன்றும் சூட்டைத் தடுக்காது, வாங்கி வாங்கிக் கீழே அனுப்பும். மூன்று மணி நேரம் எரித்த பிறகு மேடையின் பக்கச் சுவரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. எரித்த விறகின் சூட்டில் ஒரு பங்கு அங்கேதான் போயிருக்கிறது. தவிர, சாதாரணச் செங்கல் நேர் நெருப்பில் மேல்தோல் செதில் செதிலாகப் பெயர்ந்து பீட்சாவின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும். கூடு நிற்கும்போது தளத்தை மட்டும் பெயர்த்து மாற்ற வழியில்லை, ஏனென்றால் கூடு உட்கார்ந்திருப்பதே தளத்தின் மேல். ஆகவே மொத்தமாக உடைத்துக் கட்ட வேண்டியதாயிற்று. உடைத்த கூட்டு மண் வீணாகாது. நெருப்பு நேராகப் பட்டுச் சுட்டுப்போன உள்பக்கத்தைத் தவிர மற்றதை ஊறவைத்து மறுபடி மிதித்துப் பயன்படுத்தலாம்.

மேடையும் அடியில் போட்ட பாட்டிலும்

மேடை 5 அடிக்கு 5 அடி. 16 × 8 × 6 அங்குல ஹாலோ பிளாக், நாலு வரிசை, மொத்தம் 56 கல். உள்ளே ராபிஷ் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்க வேண்டும். இது 32 அங்குலம் வரும். மேலே வரும் அடுக்குகளோடு சேர்த்துத் தளத்தின் உயரம் 40 அங்குலம். குனியாமல் உள்ளே பார்க்க இது போதும். உயரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னைத் தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. மண் அடுப்பின் அடி ஊறினால் கூடு அப்படியே உட்கார்ந்துவிடும். இந்தப் பக்கம் கட்டுபவர்கள் தங்கள் தெருவில் அப்போது தண்ணீர் எதுவரை வந்தது என்று பார்த்துவிட்டு மேடை உயரத்தை வைப்பது நல்லது.

அடுத்ததுதான் முக்கியமான அடுக்கு. காயலாங்கடையில் 650 மில்லி காலி பீர் பாட்டில் 45 வாங்கியாயிற்று. மேடை மேல் 40 அங்குலச் சதுரத்துக்கு, சுற்றிலும் செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி ஒரு வரம்பு. அந்த வரம்பு நாலரை அங்குல உயரம். அதற்குள் பாட்டில்களைப் படுக்க வைத்து, இடைவெளியிலும் மேலேயும் உமிச் சேறு. பாட்டிலை மூடியோடு வைக்கக் கூடாது. உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து பாட்டில் வெடிக்கும். மூடியைக் கழற்றி, வாயில் ஒரு துண்டுச் செய்தித்தாளைத் திணித்து வைத்தால் சேறு உள்ளே போகாது. வெறும் உமிச் சேறு மட்டும் போட்டால் கூட்டின் பாரத்தில் அமுங்கித் தளம் சரியும். பாரத்தைப் பாட்டில் தாங்குகிறது, உள்ளே இருக்கும் காற்று சூட்டைத் தடுக்கிறது.

உமிக்கு அலைய வேண்டாம். செங்குன்றம் அரிசி ஆலைகளில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. மரத்தூளும் சரிதான். வால்டாக்ஸ் ரோடு மரக்கடைப் பக்கம் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் பிளைவுட் அறுத்த தூள் கலந்திருக்கக் கூடாது, அந்தப் பசை எரிந்தால் வரும் புகை சாப்பாட்டுப் பக்கம் வரக் கூடாத புகை. சேறு எந்தப் பதம் என்றால், களிமண்ணை மோர் மாதிரி கரைத்து, உமியின் மேல் ஊற்றிப் பிசறி, ஒரு கை எடுத்துப் பிழிய வேண்டும். பிடி உதிராமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது. ஒவ்வொரு உமியும் களிமண் பூசிக்கொண்டால் போதும். களிமண் கூடினால் சூட்டைத் தடுக்கும் வேலை நடக்காது.

இந்த அடுக்கு ஒரு வாரம் காய்ந்த பிறகு, அரை அங்குலம் சலித்த மணல். ஒரு நீள மட்டப்பலகையால் இழுத்துச் சமன் செய்து, அதன் மேல் ஃபயர் பிரிக், அதாவது நெருப்பைத் தாங்கும் செங்கல். 9 × 4.5 × 3 அங்குலக் கல், 32 சேர்ந்தால் சரியாக 3 அடிக்கு 3 அடி வரும், வாய்ப்படிக்கு இன்னும் 4. சிமெண்ட், சாந்து எதுவும் வேண்டாம். கல்லை மேலிருந்து நேராக இறக்கி, பக்கத்துக் கல்லோடு உரசி உட்கார வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும். பக்கவாட்டில் தள்ளினால் இடுக்கில் மணல் ஏறி, கல் சேராது. முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்க்கவும். ஒரு கல் ஒரு மில்லிமீட்டர் தூக்கியிருந்தாலும் கை சொல்லும். அந்த விளிம்பில்தான் பின்னால் பீட்சாவை உள்ளே வைத்து எடுக்கும் தட்டையான கரண்டி இடித்து, பீட்சா மடங்கி, சீஸ் தளத்தில் கொட்டும்.

மண்

கொசப்பேட்டையில் பொம்மை செய்பவர்கள் பயன்படுத்தும் களிமண் நன்றாக அரைபட்டு, கல் இல்லாமல், பிசுபிசுப்பாக இருக்கும். விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய மாதங்களில் அவர்களுக்கே மண் போதாது, அப்போது கேட்காமல் இருப்பது நல்லது. செங்குன்றம் பக்கத்துச் செம்மண்ணும் ஆகும். அதில் ஏற்கனவே மணல் இருப்பதால் விகிதம் மாறும். எந்த மண்ணானாலும் முதலில் பரீட்சைத் துண்டு செய்துதான் தீர வேண்டும். களிமண்ணுக்கு மணல் 1:2, 1:3, 1:4 என்று மூன்று கலவை, உள்ளங்கை அளவுத் துண்டுகள். ஈரத்திலேயே சரியாக 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு கீறி நிழலில் காயவைத்து, காய்ந்தபின் அளக்கவும். பொம்மைக் களிமண்ணில் 1:2 துண்டு 5 மில்லிமீட்டர் சுருங்கிக் குறுக்கே வெடித்தது. 1:3 இரண்டு மில்லிமீட்டரோடு நின்றது. 1:4 விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. எனவே 1:3.

மணலுக்கு எம்-சாண்ட், கான்கிரீட்டுக்குப் போடும் ரகம். முனை முனையாக இருப்பதால் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும். பூச்சுக்கு விற்கும் நைசான ரகமும் கிரஷர் தூளும் வேண்டாம். திருவொற்றியூர், காசிமேடு கரையோர மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அதை எடுக்கக் கூடாது. அதிலுள்ள உப்பு, மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், சுவர் பொருக்கு விடும்.

அளவு இவ்வளவு. உள் விட்டம் 27 அங்குலம், உள் உயரம் 16, சுவர் கனம் மூன்றரை. இதற்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் மணல் 5 வாளி, களிமண் ஒன்றே முக்கால் வாளி. களிமண் மணலின் இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்வதால் மொத்த அளவு கூடுவதில்லை. உள்ளே அச்சாக நிற்கும் மணல் குவியலுக்குத் தனியாக 5 வாளி. கலவையைத் தார்ப்பாயில் கொட்டி, காலால் மிதித்து, பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் புரட்டி, மறுபடி மிதிக்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்றக் கூடாது. ஒரு கைப்பிடி உருண்டையைத் தோள் உயரத்திலிருந்து தரையில் போட்டால் சப்பையாகவும் ஆகக் கூடாது, உடையவும் கூடாது. கொஞ்சம் நசுங்கி உருண்டையாகவே நிற்கும் பதம்தான் பதம். தண்ணீர் அதிகமான கலவை கைக்கு இதமாக இருக்கும். காயும்போது அதுதான் முதலில் வெடிக்கும்.

கூடு

தளத்தின் நடுவில் ஆணியும் நூலும் வைத்து பதின்மூன்றரை அங்குல ஆரத்தில் ஒரு வட்டம். நடுவில் 16 அங்குலக் குச்சி ஒன்றை நட்டு, அது மறையும் வரை ஈர மணலைக் குவித்துத் தட்டி உருவம் கொண்டுவர வேண்டும். பக்கங்கள் முதல் 4 அங்குலம் கிட்டத்தட்ட நேராக ஏறி, பிறகு வளைவது நல்லது. அடியிலிருந்தே சரிந்தால் ஓரத்தில் பீட்சா வைக்க இடமிருக்காது. அதன்மேல் நனைத்த செய்தித்தாளை இரண்டு அடுக்கு ஒட்டவும். பின்னால் மணலைத் தோண்டும்போது தாள் தெரிந்ததும் நிறுத்திவிடலாம், சுவரில் கை படாது.

மண்ணை அடியிலிருந்து வட்டம் வட்டமாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பிடியையும் கீழே இருக்கும் மண்ணோடு சேர்த்து அழுத்துவது. அச்சு மணல் பக்கம் அழுத்தினால் உருவம் அமுங்கும். மூன்றரை அங்குலத்தில் கோடு போட்ட குச்சியால் அடிக்கடி குத்திப் பார்த்து, ஓட்டையை மூடிக்கொண்டே போகலாம். ஒரே நாளில் முடிக்கவும். பாதியில் விட்டு மறுநாள் தொடர்ந்தால் அந்தச் சேர்மானத்தில் வளையமாக விரிசல் வரும். நாலு பேர் இருந்தால் அரை நாள் வேலை.

கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழாத பதம் வந்ததும் வாயை வெட்டலாம். உயரம் 10 அங்குலம், அகலம் 13. உள் உயரத்தில் வாய் 63 சதவீதம் இருக்க வேண்டும் என்பது மண் அடுப்பு கட்டுபவர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு, 16க்குப் 10 அங்குலம் வருகிறது. வாய் இன்னும் உயர்ந்தால் சூடு கொட்டிப் போகும், தாழ்ந்தால் நெருப்புக்கு மூச்சு முட்டும். இந்த அளவில் புகைக்குழாய் தேவையில்லை. வாயின் கீழ்ப்பாதியில் காற்று உள்ளே போகும், மேல்பாதியில் புகை வெளியே வரும்.

வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கூடு ஏற்றுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். மதியத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும் ஊர் இது. வாய் கிழக்கே பார்த்தால் காற்று புகையை உள்ளே சுழற்றி, அடுப்படியில் நிற்பவர் முகத்திலேயே தள்ளும். இங்கே வாய் வடமேற்கு. பக்கத்தில் உயரமான சுவர் இருந்தால் காற்று திரும்பி வரக்கூடும். அதே இடத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு கட்டு ஊதுபத்தி ஏற்றிப் புகை போகும் திசையைப் பார்ப்பது நம்பகமான வழி.

உள் மணலைத் தோண்டியபின் நாலைந்து நாள் சும்மா காயவிட்டு, அதன்பின் தினம் இரண்டு மணி நேரம் சின்ன நெருப்பு. சுவரின் வெளிப்பக்கத்தில் ஆவி வருவது நிற்கும் வரை பெரிய நெருப்பு கூடாது. சென்னை ஈரக்காற்றில் இது பத்து நாள் கூட இழுக்கும். அவசரப்பட்டு எரித்தால் சுவருக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி மண்ணைப் பிளக்கும். தீக்குச்சி கனத்துக்கு விரிசல் வந்தால் கவலை வேண்டாம், வெளியிலிருந்து ஈரப்படுத்தி அதே கலவையால் அடைக்கலாம். பிறகு 4 அங்குலம் உமிச் சேறு, சுமார் 8 வாளி. கடைசியாகக் களிமண், மணல், நறுக்கிய வைக்கோல், சாணி கலந்த பூச்சு ஓர் அங்குலம். உமி அடுக்கில் எங்கேயும் உமி வெளியே தெரியக் கூடாது. காற்று பட்டால் உள்ளே கனிந்துகொண்டே இருக்கும், முதல் சில எரிப்புகளில் மூடிய பகுதியிலிருந்துகூடக் கருகல் வாசனை வரும். சிமெண்ட் பூச்சு வேண்டவே வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல், சூட்டில் மண் ஒரு அளவும் சிமெண்ட் வேறு அளவும் விரிந்து, ஓடு ஓடாகப் பெயரும்.

மேலே தகர ஷீட் கூரை, ஜிஐ பைப் கால்கள், கூட்டின் உச்சியிலிருந்து 4 அடி உயரம். கீற்று, தார்ப்பாய் எதுவும் அடுப்புக்கு மேல் இருக்கக் கூடாது. மேலே மின்கம்பி போகும் இடமும் ஆகாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாரல் அடிக்கும் பக்கத்துக்கு ஒரு மறைப்பு தேவை. எரிக்காத நாளில் தார்ப்பாயால் மூடலாம், ஆனால் அடுப்பு முழுவதும் ஆறிய பிறகுதான்.

விறகு

சவுக்குதான் சிறந்தது. விறகுத்தொட்டியில் மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்து, ஒரு அடி நீளத்துக்கு வெட்டித் தரச் சொல்லலாம். இரண்டு துண்டைத் தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். மந்தமாக ஒலித்தால் ஈரம். ஈர விறகு தன் தண்ணீரைக் காய்ச்சவே நிறையச் சூட்டைச் செலவழிக்கும். வேலிக்காத்தான் இன்னும் உக்கிரமாக எரியும், கரியும் நன்றாக நிற்கும். முள்ளைப் பார்த்துக் கையாள வேண்டும், அவ்வளவுதான். கூடவே விரல் கனத்துச் சவுக்கு மிளார் ஒரு கட்டு அவசியம். அதன் வேலை பின்னால் வரும்.

துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் வடசென்னையில் மரப் பேலட் (சரக்கை அடுக்கி வைக்கும் பலகைச் சட்டம்) மலிவாகக் கிடைக்கிறது. அதை எரிக்க நினைப்பவர்கள் பலகையில் இருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும். ஹெச்.டி. என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயு போட்டது, அதை அடுப்புப் பக்கமே கொண்டுவரக் கூடாது. முத்திரை இல்லாததும், பெயிண்ட் அடித்ததும், எண்ணெய்க் கறை இருப்பதும் அப்படியே. இத்தனையும் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்வதைவிட 60 கிலோ சவுக்கு வாங்குவதே சுலபம்.

மாவு

8 கிலோ மைதா, 4 லிட்டர் 240 மில்லி தண்ணீர், 400 கிராம் ஐஸ், 180 கிராம் உப்பு, 160 மில்லி எண்ணெய், 8 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். இது 200 கிராம் உருண்டை 64 தரும். மாவுக்குத் தண்ணீர் 58 சதவீதம். இத்தாலிய மாவுக்கு எழுதிய அளவுகளில் 65 சதவீதம் வரை இருக்கும். நம் மைதா அவ்வளவு குடிக்காது, கரண்டியில் ஒட்டிக்கொள்ளும். ஈஸ்ட் 8 கிராம்தானா என்று தோன்றும். 31 டிகிரி வீட்டில் அதுவே ஆறரை மணி நேரத்தில் மாவைத் தூக்கிவிடும். குளிர் நாட்டுக் குறிப்புகளில் இருக்கும் அளவைப் போட்டால் மூன்று மணிக்கே புளித்துத் தளர்ந்துவிடும். ஐஸின் வேலை, பிசைந்து முடிக்கும்போது மாவை 25 டிகிரியில் வைப்பது.

மொத்தத்தையும் ஒரே நேரத்தில் பிசையக் கூடாது. பாதியை 11:30க்கு, மீதியை 1:15க்கு. பிசறி 20 நிமிடம் மூடி வைத்துவிட்டு, பிறகு 8 நிமிடம் பிசைந்தால் பாதி உழைப்பு மிச்சம். இரண்டரை மணி நேரம் கழித்து உருண்டை பிடித்து, எண்ணெய் தடவிய தட்டில் இடைவெளி விட்டு மூடி வைப்பது. முதல் பாதி 6:30 முதல் 8:30 வரை நன்றாக இருக்கும், அப்புறம் இரண்டாவது பாதி. இரண்டாவது பாதியும் வேகமாக எழும்புவதாகத் தெரிந்தால், புதிய தெர்மோகோல் மீன் பெட்டியில் ஐஸ் பாக்கெட்டோடு வைத்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போடலாம்.

சாஸும் மேலே போடுவதும்

பெங்களூர் தக்காளி 9 கிலோ. நாட்டுத் தக்காளியில் ருசி உண்டு, தண்ணீரும் உண்டு. கொதிநீரில் போட்டுத் தோலுரித்து, விதையைத் தட்டிவிட்டு, 3.8 கிலோவாக வற்றும் வரை கொதிக்க விட வேண்டும். தட்டில் ஒரு கரண்டி வைத்தால் சுற்றிலும் தண்ணீர் ஓடக் கூடாது. ஒரு பீட்சாவுக்கு 60 கிராம், அதாவது ஒரு சின்னக் குழிக்கரண்டி. 90 கிராம் ஊற்றினால் கூடுதலான அந்த 30 கிராமில் இருக்கும் தண்ணீரும் ஆவியாக வேண்டும், அதற்கான சூடு தளத்திலிருந்தும் போகும்.

சீஸ் கட்டியாக வாங்கித் துருவினால் ஒரே சீராக உருகும். துருவி வரும் பாக்கெட்டில் ஒட்டாமல் இருக்க மாவுத்தூள் தூவியிருக்கும், அது உருகுவதற்கு முன் புள்ளி புள்ளியாகக் காயும். ஒரு பீட்சாவுக்கு 70 கிராம். குடமிளகாய், காளான், வெங்காயம் மூன்றையும் முன்பே வாணலியில் சுண்ட வதக்கியாக வேண்டும். பச்சையாகப் போட்ட காளான் இரண்டரை நிமிடத்தில் தண்ணீர் விடும், வேகாது. காசிமேட்டு இறாலில் சின்னதாகப் பார்த்து, மிளகாய்த்தூள் உப்போடு ஒரு புரட்டு புரட்டி, வரும் நீரை வடித்துவிட்டுப் போட்டால் அருமையாக இருக்கும். இந்த ராத்திரியில் முதலில் தீர்ந்தது அதுதான். நெத்திலிக் கருவாட்டை வறுத்து நாலைந்து மட்டும் தூவியதும் நன்றாகப் போனது.

சைவத்துக்குத் தனிக் கரண்டி, தனி வெட்டுப் பலகை, தனி உருளைக் கத்தி. முதல் ஒரு மணி நேரம் முழுக்க சைவம் மட்டும் சுட்டுவிட்டால் தளத்தைப் பற்றியும் யாருக்கும் சங்கடம் இராது. இதை முதலிலேயே சொல்லிவிட்டதால் பெரியவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

அன்று சாயங்காலம்

3:30க்குப் பற்றவைத்தல். பெரிய கட்டை அடியில், மிளார் உச்சியில், நெருப்பு மேலே. இப்படி மேலிருந்து எரிந்து இறங்கினால் புகை குறைவு. அப்படியும் முதல் 40 நிமிடம் புகை இருக்கும். பக்கத்து மாடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தால் அன்று காலையிலேயே போய்ச் சொல்லிவிட வேண்டும்.

4:15க்குக் கூட்டின் உட்புறம் முழுக்கக் கரிப் பிடித்துக் கறுப்பு. 5:15க்கு உச்சியிலிருந்து கரி எரிந்து போய் மண்ணின் நிறம் தெரிய ஆரம்பித்தது. உச்சி வெளுத்தால் அங்கே 350 டிகிரி தாண்டிவிட்டது என்று அர்த்தம், கருவி இல்லாதவர்களுக்கும் இந்த அடையாளம் போதும். ஆனால் கூடு வெளுத்ததும் தளம் தயார் என்று எண்ணிவிடக் கூடாது. 5:40க்கு எரியும் கரியை எல்லாம் தளம் முழுக்கப் பரப்பி, அரை மணி நேரம் அப்படியே விட வேண்டும். 6:15க்குக் கரியை இடது ஓரத்துக்கு ஒதுக்கி, இரும்புக் கம்பியில் சுற்றிப் பிழிந்த ஈரத் துணியால் தளத்தைத் துடைத்தால், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் 450 காட்டும். அது மேல்தோல் சூடு. பத்து நிமிடம் பொறுத்தால் உள்ளே இறங்கி 380ல் நிற்கும். அப்போதுதான் முதல் பீட்சா. (காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி இதற்கு உதவாது. 500 டிகிரிக்கு மேல் காட்டும் ரகமாகப் பார்த்து வாங்கவும்.)

இத்தாலியின் நேப்பிள்ஸ் பீட்சாக்காரர்கள் 430க்கு மேல் வைத்து ஒன்றரை நிமிடத்துக்குள் எடுப்பார்கள். நம் மைதாவுக்கும், வரிசையில் புதுக் கைகள் நிற்கும் ராத்திரிக்கும் 350 முதல் 380 வரை பாதுகாப்பு. இரண்டரை நிமிடத்தில் வேகும், கண் அசந்தால் கருகுவதற்கு இன்னும் அரை நிமிட அவகாசம் இருக்கும்.

ஒவ்வொரு பீட்சாவும் தளத்தின் சூட்டைக் குடிக்கிறது. 27 அங்குலத் தளத்தில் இடது ஓரம் நெருப்பு போக, வலப்பக்கம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று 10 அங்குல பீட்சாவுக்கு இரண்டு இடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் நிரப்பாமல் மாற்றி மாற்றி வைத்தால், ஒன்று வேகும்போது மற்றது தேறும். அப்படியும் ஐந்து பீட்சாவுக்குப் பிறகு 380 என்பது 310க்கு இறங்கியிருந்தது. 300க்குக் கீழே போனால் சுடுவதை நிறுத்திவிட வேண்டும். கரியை மறுபடி தளத்தின் மேல் இழுத்து, இரண்டு கட்டை போட்டு, ஆறு ஏழு நிமிடம். துடைத்துவிட்டு அடுத்த ஐந்து. இருபது நிமிடத்துக்கு ஐந்து, மணிக்குப் பதினைந்து. 6:30 முதல் 10:30 வரை 60. இந்தக் கணக்கை முன்பே தெரிந்துகொண்டு ஆட்களை அழைத்தால் யாரும் பசியோடு நிற்க மாட்டார்கள். இடைவெளி விடாமல் சுட்டு வேகமாக முடிக்கப் பார்த்தால் எட்டாவதிலிருந்து எல்லாம் அடி வேகாதவைதான்.

மேல்பாகத்தை வேகவைப்பது கரி இல்லை, சுவாலை. கூட்டின் உச்சியைத் தொட்டு வளைந்து வரும் சுவாலை இருக்க வேண்டும். அது அடங்கினால் அடி சிவந்தும் சீஸ் உருகாமலும் இருக்கும். அப்போது இரண்டு மிளாரை நெருப்பின் மேல் வைத்தால் பத்து வினாடியில் சுவாலை எழும். இதற்கென்றே ஒருவர் நிற்க வேண்டும். “அண்ணா, மிளார்!” என்ற ஒரு குரலுக்குக் கை நீட்ட ஆள் இல்லாவிட்டால் அந்த பீட்சா போச்சு.

கரண்டியில் ஒட்டாமல் இருக்க மைதா தூவினால் தளத்தில் எரிந்து கசக்கும். அரிசி மாவு சரியான பொருள். கொஞ்சமே ஒட்டும், சீக்கிரம் கருகாது. மரக் கரண்டியில் அடையை (தட்டிய மாவை) வைத்து, சாஸ் போடுவதற்கு முன் ஒரு குலுக்கு, எல்லாம் போட்டபின் இன்னொரு குலுக்கு. இரண்டாவது குலுக்கலில் நகராத பீட்சாவை உள்ளே கொண்டுபோகவே கூடாது. ஓரத்தைத் தூக்கி அடியில் அரிசி மாவை ஊதிவிட்டு நகர்த்திப் பார்த்த பிறகுதான் அடுப்பு. சாஸ் போட்டு மூன்று நிமிடம் கரண்டியிலேயே இருந்தால் எந்த மாவும் ஒட்டும்.

அடுப்பில் ஒருவர், நெருப்புக்கு ஒருவர், அடை தட்ட இரண்டு பேர், மேலே போட ஒருவர், வெட்டிப் பரிமாற ஒருவர். பரோட்டா கடையில் வேலை செய்த கை இருந்தால் அடை தட்டும் வேலையை அவரிடம் விட்டுவிடலாம், ஓட்டை விழாது. ஓட்டை விழுந்த அடையில் சாஸ் கசிந்து தளத்தில் ஒட்டினால் சுரண்டி எடுக்க ஐந்து நிமிடம் ஆகும். ஆளுக்கொரு பீட்சா என்று ஆர்டர் எடுக்கக் கூடாது. வெளியே வந்ததை ஆறாக வெட்டிப் பொது மேசையில் வைத்தால் எல்லோருக்கும் அவ்வப்போது ஏதோ ஒன்று கைக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் தாங்களே தட்டிச் செய்ய ஆசைப்படுவார்கள், செய்யவும் வேண்டும். அதற்குக் கடைசி ஒரு மணி நேரத்தை ஒதுக்கலாம், தளத்தின் சூடும் அப்போது சற்று அடங்கியிருக்கும். வாயிலிருந்து 5 அடிக்குக் கயிறு கட்டி, இரண்டு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன.

செலவு

கட்டியதற்கு: ஹாலோ பிளாக் 2,520 ரூபாய், ஃபயர் பிரிக் 36க்கு 2,340, களிமண் 600, எம்-சாண்ட் குட்டி யானை வாடகையோடு 1,800, உமி மூட்டையும் பாட்டிலும் 600, தகரக் கூரை 5,500, கரண்டிகளும் கரி இழுக்கும் கோலும் 1,400, தெர்மாமீட்டர் 1,700. மொத்தம் 16,460. கூலி இல்லை, எல்லாம் மன்றத்துக் கைகள்.

அன்றைய ராத்திரிக்கு: மைதா 400, சீஸ் நாலரை கிலோ 2,340, தக்காளி 270, விறகு 60 கிலோ 720, இறால் 600, கோழி 500, காய்கறி 400, எண்ணெய் உப்பு ஈஸ்ட் வகையறா 400. மொத்தம் 5,630, தலைக்கு 80 ரூபாய். குறைக்க நினைத்தால் சீஸில்தான் இடம் இருக்கிறது. 70 கிராமை 55 ஆக்கினாலும் யாருக்கும் குறை தெரியாது, பீட்சாவும் சீக்கிரம் வேகும்.

அடுத்த தடவை

அடுப்பு வாயின் விளிம்பு. கரண்டி இடித்து இடித்து மண் உதிர்கிறது, உதிர்வது சாப்பாட்டில் விழுகிறது. அடுத்த அடுப்பில் வாய்க்கு மட்டும் செங்கல் வளைவு கட்டி, அதற்குப் பின்னால் கூட்டைச் சேர்ப்பது என்று முடிவு. இப்போதைக்கு உதிர்ந்த இடத்தை ஈரப்படுத்திப் பூசி ஒப்பேற்றியாயிற்று. உள் விட்டத்தை 33 அங்குலம் ஆக்கினால் மூன்றாவது இடம் கிடைக்கும். விறகும் பற்றவைக்கும் நேரமும் அதற்கேற்பக் கூடும், மாதம் ஒரு தடவை எரிக்கும் அடுப்புக்கு 27 போதும் என்றே தோன்றுகிறது.

வீணாகும் சூட்டைப் பயன்படுத்தவும் ஏற்பாடு வேண்டும். 10:45க்குக் கரியை வெளியே எடுத்து, இரண்டு அங்குல மரப் பலகையை நனைத்து வாயை அடைத்தபோது உள்ளே 260 இருந்தது. மறுநாள் காலையிலும் 110. அடுத்த தடவை மாவில் பத்து உருண்டை கூடுதலாகப் பிடித்து வைத்து, ராத்திரியே 220க்கு இறங்கும் நேரம் பார்த்து பன் சுடலாம். காலையில் ஒரு தட்டு வேர்க்கடலையைத் தாராளமாக உலர்த்தி எடுக்கலாம். வெளியே எடுத்த கரியை மூடி போட்ட தகர டின்னில் போட்டு இரண்டு நாள் கழித்துத்தான் கொட்ட வேண்டும். சாம்பலுக்கு அடியில் கங்கு மறுநாள் சாயங்காலம் வரைக்கும் உயிரோடு இருக்கும், தெருவில் இருப்பதோ பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி.